அகலமா, மெல்லிய அடியா? வெறுங்கால் பாணி பாதுகாப்பு பூட்ஸுக்கு மாறிய ஒரு தொழிலாளியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தப் பதிவு 41 வயதான ஒரு கற்பலகை பதிக்கும் தொழிலாளியைப் பற்றியது. பதினெட்டு ஆண்டுகளாக இதே வேலை. எடை 78 கிலோ. சர்க்கரை நோய் இல்லை, காலில் பழைய முறிவு எதுவும் இல்லை. அவர் வேலை செய்த கட்டுமானத் தளத்தில் நான் பாதுகாப்புப் பொறுப்பாளர். கீழே வரும் முடிவுகளில் சில என்னுடையவை, பிழைகளில் சிலவும் என்னுடையவை.

அவருடைய வேலைநாளை இரண்டாகப் பிரிக்கலாம். பாதி நேரம் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலின் விரல்களை மடக்கி, உடல் எடை முழுவதையும் அந்த மடங்கிய விரலடியில் தாங்கியபடி பலகை பதிப்பார். மீதி நேரத்தில் ஓரக்கற்களைச் சுமப்பார், ஜல்லியைப் பரப்புவார், அதிர்வு எந்திரத்தால் தரையைக் கெட்டிப்படுத்துவார், ஏணி வழியாகக் குழிக்குள் இறங்குவார். பதிக்கும் இடத்துக்கு அடுத்தே, கான்கிரீட் வார்க்க அடித்த சென்ட்ரிங் பிரிக்கும் பகுதி இருந்தது. அங்கே கழற்றிப் போட்ட மரப்பலகைகளில் ஆணிகள் மேல்நோக்கி நிற்பது அன்றாடக் காட்சி.

அவர் அணிந்திருந்தது இரும்பு டோ கேப், அதாவது விரல்களைக் காக்கும் முன்மூடி, வைத்த வழக்கமான பூட்ஸ். காலின் நீளத்துக்கு 41-ஆம் அளவு போதும். ஆனால் முன்பக்கம் இறுக்குகிறது என்று 43 வாங்கியிருந்தார். இப்படிச் செய்பவர்கள் எந்தத் தளத்திலும் உண்டு. அகலம் வேண்டுமென்று நீளத்தை வாங்கினால் பூட்ஸ் மடியும் கோடு கால் மடியும் கோட்டுக்கு முன்னால் போய்விடுகிறது. ஒவ்வொரு முறை குந்தும்போதும் கால் ஓரிடத்தில் மடிய, பூட்ஸ் இன்னோரிடத்தில் மடியும். குதிகால் உள்ளே வழுக்குவதால் கயிற்றை இறுக்க வேண்டியிருக்கும். இறுக்கினால் பாதத்தின் மேற்பகுதி நசுங்கும்.

முதலில் கண்டது

ஒருநாள் மதிய இடைவேளைக்குச் சற்று முன்பு அவர் கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து, வலது பூட்ஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தார். எதுவும் விழவில்லை. உள்ளே கைவிட்டு மூலை வரை தடவினார். மறுபடி போட்டுக்கொண்டு நாலு எட்டு வைத்தவர், திரும்பி வந்து மீண்டும் கழற்றினார். என்னவென்று கேட்டேன். "உள்ளே கல் கிடக்கிறது சார். ஆனால் கல் இல்லை" என்றார். ஆறு மாதமாகவே அப்படித்தான் என்று பிறகு சொன்னார்.

அன்று ஒரு எளிய சோதனை செய்தோம். பூட்ஸிலிருந்து இன்சோலை, அதாவது பாதத்துக்கு அடியில் இருக்கும் உள்தகட்டை, உருவித் தரையில் போட்டு, அதன்மேல் வெறுங்காலுடன் அவரை நிற்கச் சொன்னேன். சுண்டுவிரல் முழுவதும் இன்சோலுக்கு வெளியே தரையில் கிடந்தது. அதற்கடுத்த விரலும் பாதி வெளியே. அவருடைய பாதம் விரல்நுனியில்தான் மிக அகலம். இன்சோலோ அந்த இடத்தில்தான் குறுகி நடுவில் கூர்மையாக முடிந்தது. சுண்டுவிரலின் வெளிப்பக்கம் காய்ப்புக் காய்ந்திருந்தது. பெருவிரல் மூட்டின்மேல் டோ கேப்பின் பின்விளிம்பு பதிந்த தடம், பழுப்பு நிறக் கோடாகக் குறுக்கே ஓடியது.

இயன்முறை மருத்துவர் முன்பாதத்தை இரு பக்கமும் சேர்த்து அழுத்தியபோது மூன்றாம், நான்காம் விரல்களுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்தது போல அவருக்குச் சுரீரென்றது. விரல்களுக்கிடையே ஓடும் நரம்பைச் சுற்றிய திசு தடித்துப்போன நிலை. மார்ட்டன் நியூரோமா என்பார்கள். விரல்நுனிப் பகுதி அகலமான காலணி வேண்டும், குதி உயரமும் குறைய வேண்டும், ஏனென்றால் குதி உயர உயரச் சுமை முன்பாதத்துக்குத் தள்ளப்படுகிறது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டு இப்போதும் கோப்பில் இருக்கிறது. அதில் அடி மெல்லியதாக இருக்க வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. அதைக் கவனிக்க எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது.

மாறும் முடிவு

அகலமான வழக்கமான பூட்ஸ் இரண்டை அவர் முதலில் போட்டுப் பார்த்தார். இரண்டும் விரலடி மூட்டுகளில் அகலமாக இருந்தன. ஆனால் டோ கேப் பழையபடியே கூம்பியது. சுண்டுவிரல் இடிக்கும் இடம் கொஞ்சம் முன்னே நகர்ந்ததே தவிர மறையவில்லை. அப்போதுதான் வெறுங்கால் பாணி பாதுகாப்பு பூட்ஸைப் பற்றி உடன்பணியாளர் ஒருவர் சொன்னார்.

இந்தப் பாணியில் நான்கு குணங்கள் ஒன்றாகக் கட்டி வருகின்றன. விரல்கள் விரிய இடம் இருக்கும். குதியும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும். அடி மெல்லியதாகவும் வளைவதாகவும் இருக்கும். பாதத்தின் உள்வளைவைத் தாங்கும் மேடு இருக்காது. இவற்றில் முதல் இரண்டைத்தான் மருத்துவர் கேட்டிருந்தார். மற்ற இரண்டும் கூடவே வந்துசேர்ந்தன.

அவர் தாமாக வாங்கி வந்த முதல் ஜோடியை நான் வாயிலிலேயே நிறுத்தினேன். நாக்குப் பகுதியில் தைத்திருந்த துணியில் ஐஎஸ்ஓ 20345 என்று இருந்தது. பாதுகாப்புக் காலணிகளுக்கான சர்வதேசத் தரநிலை அது. பக்கத்தில் எஸ்பி என்ற குறி. அவரைப் பொறுத்தவரை அது சான்றுபெற்ற பூட்ஸ், அவ்வளவுதான். சான்று பெற்றதுதான், ஆனால் எதற்கு என்பதே கேள்வி. அந்தத் தரநிலையில் எந்த பூட்ஸும் தாண்ட வேண்டிய அடிப்படை, டோ கேப் 200 ஜூல் மோதலையும் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் தாங்க வேண்டும் என்பது. மோதலுக்குப் பிறகும் கேப்புக்குள் விரல்களுக்குக் குறிப்பிட்ட உயரம் எஞ்ச வேண்டும். 42-ஆம் அளவுக்கு அது 14 மி.மீ. எஸ்பி என்ற குறி மட்டும் இருந்தால் இந்த அடிப்படையோடு சரி. ஆணி ஊடுருவாத அடிக்கு அது உறுதி தராது. சென்ட்ரிங் பலகைகள் கிடக்கும் இடத்தில் அந்த ஜோடியை அனுமதிக்க முடியாது.

அடுத்து வந்தது எஸ்3எஸ் குறியுள்ள, அதாவது ஆணி ஊடுருவாத அடி கொண்ட ஜோடி. தரநிலையின் 2022 பதிப்பு, உலோகம் அல்லாத துணி அடுக்கால் ஆணியைத் தடுக்கும் அடிகளை இரண்டாகப் பிரிக்கிறது. கடைசியில் எல் வந்தால் 4.5 மி.மீ. ஆணியால் சோதித்தது, எஸ் வந்தால் 3 மி.மீ. ஆணியால் சோதித்தது. ஆணி மெலிய மெலியத் துணியின் இழைகளை விலக்கிக்கொண்டு எளிதாக உள்ளே போகும் என்பதால் எஸ் கூடுதல் கடினமான சோதனை. எங்கள் தளத்துக்கு அதுதான் பொருத்தம்.

எஸ்1 முதல் எஸ்3 வரையுள்ள எல்லா வகைகளும் குதிப் பகுதியில் 20 ஜூல் ஆற்றலை உள்வாங்க வேண்டும். அடி காகிதம் போல இருந்தால் அதைத் தாண்டுவது கடினம். எனவே எஸ்3 வகையில் வெறுங்கால் பூட்ஸ் என்று விற்பவற்றில் பெரும்பாலும் இன்சோலில் கொஞ்சம் மெத்தை இருக்கும். அந்த இன்சோலோடு சேர்த்துத்தான் பூட்ஸ் சோதிக்கப்பட்டிருக்கும். மெத்தை பிடிக்கவில்லை என்று அதை உருவி எறிந்துவிட்டு வருபவர்கள் உண்டு. எறிந்த கணமே சான்று செல்லாது. இவரும் அதைச் செய்யப் பார்த்தார், தடுத்தேன். குறிகளைப் பார்ப்பதில் நான் கண்டிப்பானவன். நாட்களை எண்ணுவதில் அந்தக் கண்டிப்பு இல்லாமல் போனது.

முதல் நான்கு வாரங்கள்

பத்து நாளிலேயே விரல்களில் இருந்த மரப்பு குறைந்தது. கல் இல்லாத பூட்ஸில் கல்லைத் தேடுவதை அவர் நிறுத்திவிட்டார். குந்தி எழும்போது அடி காலோடு சேர்ந்து மடிவதாகவும், பலகையின் மட்டம் காலுக்கே தெரிவதாகவும் சொன்னார். பிந்தையதை நான் அவ்வளவாக நம்பவில்லை. ஆனால் ஒருமுறை, நீர்மட்டம் வைப்பதற்கு முன்பே, ஆடும் பலகையைக் காலால் மிதித்துச் சரியாகக் காட்டினார். உடன்பணியாளர்கள் இருவர் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள்.

பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாள், முதலில் நாளுக்கு ஓரிரு மணி நேரம் மட்டும் அணிந்து மெல்லப் பழகச் சொன்னது. நல்ல அறிவுரைதான். ஓட்டக்காரருக்கு எளிது: அரை மணி ஓடிவிட்டுக் கழற்றிவிடலாம். தளத்தில் இருப்பவர் ஒன்பது மணி நேரமும் ஏதேனும் ஒரு பாதுகாப்பு பூட்ஸ் அணிந்துதான் ஆக வேண்டும். மெல்லப் பழக இரண்டு ஜோடி வேண்டும், இடையில் மாற்றிக்கொள்ள இடமும் நேரமும் வேண்டும். அவர் பழைய ஜோடியை வெறுப்பில் கழிவுத்தொட்டியில் போட்டிருந்தார். அதை நான் பார்த்தேன், எதுவும் சொல்லவில்லை. ஆக, முதல் நாளே ஒன்பது மணி நேரம்.

இரண்டாம் வாரத்தில் கெண்டைக்கால் இறுகியது. காலையில் சாரத்தின் படிகளில் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து இறங்கினார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். பழைய பூட்ஸில் குதி முன்பாதத்தைவிட 16 மி.மீ. உயரத்தில் இருந்தது. பதினெட்டு ஆண்டுகள் அந்த உயரத்தில் நின்ற குதிநாண் ஒரே நாளில் அவ்வளவும் கூடுதலாக நீள வேண்டியிருந்தது. சதைவலி பழகினால் போய்விடும் என்று எடுத்துக்கொண்டோம். போகவும் செய்தது. அதுதான் எங்களை ஏமாற்றியது: வலி போனதைக் கால் பழகிவிட்டதற்கு அடையாளமாகக் கொண்டோம்.

இரண்டு சிறு தொல்லைகளும் குறிப்பேட்டில் உண்டு. ஏணிப்படியில் நிற்கும்போது கம்பி பாதத்தின் நடுவில் அழுத்தி வலித்தது. குதி இல்லாத தட்டை அடி படியில் மாட்டி நிற்காமல் முன்னும் பின்னும் நழுவியது. மண்வாரியின் தோளில் கால்வைத்து அழுத்தும்போதும் அதே வலி. வழக்கமான பூட்ஸின் தடித்த அடியும் குதி வெட்டும் ஏன் வந்தன என்பது ஏணியில் நிற்கும்போது புரிகிறது.

ஐந்தாம் வாரம்

தொடர்ந்து ஒன்பது நாட்கள் பலகை பதிக்கும் வேலை இல்லை. ஜல்லிப் படுகையைக் கெட்டிப்படுத்துவதும் ஓரக்கல் சுமப்பதும் மட்டுமே. ஆறாம் நாள் வலது பாதத்தின் மேற்பக்கம் லேசாக வீங்கியது. கயிறு இறுக்கம் என்று நினைத்துத் தளர்த்திக்கொண்டார். எட்டாம் நாள் மாலையில் நொண்டினார். ஒன்பதாம் நாள் காலையில், வேலை தொடங்குமுன்பே, எடையை இடதுகாலில் போட்டு நின்றிருந்தார்.

பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு அவர் உள்ளங்கையால் பாதத்தைத் தடவிக் காட்டவில்லை. ஆள்காட்டி விரல்நுனியை இரண்டாம் விரலுக்கு மேலே, பாதத்தின் நடுவில் ஓரிடத்தில் வைத்தார். அந்த விரல்நுனி அளவு இடத்தைத் தொட்டதும் காலை இழுத்துக்கொண்டார். சதைவலி பரவலாக இருக்கும். எலும்பு வலி இப்படி ஒரு புள்ளியில் நிற்கும். அன்றே மருத்துவரிடம் அனுப்பினோம்.

எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. இந்த வகைக் காயத்தில் முதல் இரண்டு, மூன்று வாரங்கள் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பது வழக்கம்; படம் நன்றாக இருக்கிறது என்று வேலைக்குத் திரும்பிக் காயத்தை முழு முறிவாக்கிக்கொள்பவர்கள் அதனால்தான் உண்டு. மருத்துவர் விடாமல் எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னார். இரண்டாம் விரலுக்குப் பின்னால் பாதத்தில் ஓடும் நீள எலும்பான இரண்டாம் மெட்டாடார்சலின் மஜ்ஜையில் நீர்க்கட்டு, அதாவது நீர் கோத்த வீக்கம். முறிவுக் கோடு இன்னும் விழவில்லை. தொடர் சுமையால் எலும்பு களைத்துப்போன நிலை.

காயம் புதியதல்ல. நெடுந்தொலைவு அணிவகுத்து நடந்த வீரர்களின் பாத வீக்கத்தைப் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855-இல் விவரித்திருக்கிறார். மெல்லிய காலணியோடு அதற்குள்ள தொடர்பும் சோதிக்கப்பட்டதுதான். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான காலணியிலிருந்து விரல் பிரிந்த மெல்லிய காலணிக்குப் பத்து வாரங்களில் மாறிய 19 ஓட்டக்காரர்களில் 10 பேருக்குப் பாத எலும்பு மஜ்ஜையில் நீர்க்கட்டு கூடியிருந்தது. அவர்கள் மூட்டை சுமக்கவில்லை, ஓடினார்கள். எங்கள் ஆள் ஓரக்கல்லோடு ஜல்லியில் நடந்தார்.

சதை ஓரிரு வாரங்களில் பழகிக்கொள்ளும். எலும்பின் கணக்கு வேறு. புதிய சுமை வந்ததும் எலும்பு முதலில் தன் பழைய பகுதியை அரித்தெடுக்கிறது. பிறகுதான் புதியதை அந்த இடத்தில் நிரப்புகிறது. அரிப்பு வாரங்களில் முடிந்துவிடும். நிரப்ப மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்த எலும்பு முன்பைவிட வலுக்குறைந்து இருக்கிறது. கெண்டைக்கால் வலி போய், ஆள் உற்சாகமாகி, கூடுதல் சுமையைத் தூக்கும் வாரமும் எலும்பு மிக மெலிந்திருக்கும் வாரமும் ஒன்றாக வந்து விழுந்தன.

கருத்து வேறுபாடும் இரண்டாம் முடிவும்

தளத்தில் இரண்டு கட்சிகள் உருவாயின. மேற்பார்வையாளர் இந்தப் பாணி பூட்ஸையே தடைசெய்யச் சொன்னார். தொழிலாளியோ அதே பூட்ஸில்தான் திரும்பி வருவேன் என்றார். "பழைய பூட்ஸில் ஆறு மாதம் நரம்பு செத்தது சார். இதில் மூன்று வாரம் நிம்மதியாக இருந்தேன்" என்பது அவர் வாதம். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான் என்பதே சிக்கல்.

அப்போதுதான் இயன்முறை மருத்துவரின் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மரப்பைக் குறைத்தது விரல்களுக்குக் கிடைத்த இடம். குதி உயரம் குறைந்ததும் உதவியிருக்கலாம். எலும்பைப் புண்ணாக்கியது ஜல்லிக்கும் பாதத்துக்கும் இடையே இருந்த தடிமன் போனதும், அது ஒரே நாளில் போனதும். நாங்கள் இவை எல்லாவற்றையும் வெறுங்கால் என்ற ஒரே பெயரில் ஏற்றுக்கொண்டோம். அதே பெயரில் எல்லாவற்றையும் தள்ளுவதும் அதே தவறுதான்.

இரண்டு ஜோடிகள் என்று முடிவெடுத்தோம். முதலாவது, விரல்நுனி அகலம் அப்படியே இருந்து, குதி உயரம் 4 மி.மீ. மட்டும் கூடி, அடி தடித்து விறைப்பாக இருக்கும் எஸ்3 வகை ஜோடி. ஜல்லி, ஏணி, சுமை, மண்வாரி எல்லாவற்றுக்கும் அது. இரண்டாவது, ஏற்கெனவே வாங்கிய மெல்லிய எஸ்3எஸ் ஜோடி. கெட்டிப்படுத்தி முடித்த மட்டமான தரையில் பலகை பதிக்கும்போது மட்டும் அது. மேற்பார்வையாளர் அரை மனதோடு ஒப்புக்கொண்டார். இரண்டாம் ஜோடியை நிறுவனக் கணக்கில் எழுத அவரைச் சம்மதிக்க வைப்பதில் ஒரு வாரம் போனது. ஆறு வாரம் ஆள் இல்லாமல் போன கணக்கைக் காட்டியதும் பேச்சு முடிந்தது.

மீண்டும் வேலைக்கு

ஆறு வாரங்கள் அவர் சுமை தூக்கவில்லை. முதல் நான்கு வாரம் மருத்துவர் தந்த விறைப்பான அடியுள்ள காலணியில் கருவி அறையில் உட்கார்ந்த வேலை. அவருக்குப் பிடிக்கவில்லை, கருவி அறை மட்டும் அதற்கு முன்பும் பின்பும் இல்லாத ஒழுங்கில் இருந்தது.

ஏழாம் வாரம் தடித்த அடி ஜோடியில் திரும்பினார். மூன்று வாரம் அது மட்டும். பிறகு மெல்லிய ஜோடியை நாளுக்கு அரை மணி நேரம், ஒருநாள் விட்டு ஒருநாள். வாரத்துக்கு அரை மணிக்கு மேல் கூட்டுவதில்லை. பூட்ஸ் மாற்ற வாயில் அருகே ஒரு பெஞ்சு போட்டோம். கேட்கச் சிறிய விஷயம். ஆனால் அது இல்லாவிட்டால் யாரும் மாற்றமாட்டார்கள்.

அளவுகோலாக மாலை வலியை எடுக்கவில்லை. கற்பலகை பதிப்பவருக்கு மாலையில் வலிக்காத நாள் கிடையாது. மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடிகளும், பாதத்தின் மேற்பக்கத்தை விரல்நுனியால் அழுத்தினால் வலிக்கிறதா என்பதும் மட்டுமே கணக்கு. வலித்தால் அன்று தடித்த ஜோடி. நான்காம் வாரத்தில் ஒருமுறை வலித்தது. ஐந்து நாள் நிறுத்தி, முந்தைய அளவிலிருந்து தொடங்கினார். கூடவே குதியை உயர்த்தி இறக்கும் பயிற்சி: முழங்கால் நேராக இருபது, மடக்கி இருபது. சுவரைப் பிடித்துச் செய்வதைப் பார்த்துக் குழுவில் நால்வர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர்தான் தொடர்ந்தார்.

விளைவு

எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது மரப்பு வாரத்தில் ஒருநாள் இருந்தால் அதிகம். அதுவும் ஏணி வேலை நீண்ட நாட்களில். எலும்பு வலி திரும்பவில்லை. மெல்லிய ஜோடியை நாளுக்கு நான்கு மணி நேரம் வரை அணிகிறார். அதற்குமேல் கூட்ட அவருக்கே விருப்பமில்லை. சுண்டுவிரல் காய்ப்பு உதிர்ந்துவிட்டது. 43-ஆம் அளவிலிருந்து அவருடைய உண்மையான 41-க்கு வந்துவிட்டார். என் பார்வையில் இந்த மாற்றத்தின் பெரிய பலன் அதுதான், யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

தீராத ஒன்றும் உண்டு. அடி எளிதில் மடிவதால், குந்தும்போது டோ கேப்பின் பின்விளிம்பு முன்பைவிடக் கூர்மையாக விரல் மூட்டில் பதிகிறது. விறைப்பான அடி அந்த மடிப்பைத் தடுத்தது. மெல்லிய அடி தடுப்பதில்லை. விளிம்புக்கு உள்ளே வைத்த மென்பட்டை நான்கு மாதத்தில் நைந்துபோனது. அடியின் பள்ளங்களும் பழைய பூட்ஸைவிட விரைவாகத் தேய்ந்தன. மெல்லிய அடியில் தேய இடமே குறைவு. ஊடுருவல் தடுக்கும் அடுக்கு வெளித்தெரியும்வரை காத்திருக்க முடியாது என்பதால் மாதம் ஒருமுறை அடியைத் திருப்பிப் பார்க்கிறோம்.

கேட்ட மற்ற இருவரில் ஒருவர் தடித்த அடி, அகல விரலிடம் கொண்ட ஜோடியோடு நின்றுகொண்டார். மற்றவருக்குச் சர்க்கரை நோய், பாதத்தில் உணர்ச்சி குறைவு. அவருக்கு மெல்லிய அடி வேண்டாம் என்று மருத்துவர் மறுத்தார். மெல்லிய அடியின் முழு நியாயமும் கால் தரையை உணர்ந்து தன்னைக் காத்துக்கொள்ளும் என்பதில் இருக்கிறது. உணராத காலுக்கு அது வெறும் ஆபத்து. அவருக்கு அகலமான, மெத்தை உள்ள ஜோடி வாங்கித்தந்தோம். கொஞ்ச நாள் வருத்தத்தோடு இருந்தார்.

மறுமுறை என்றால்

முதல் மாற்றம் வரிசையில்தான் இருக்கும். அகலத்தை மட்டும் முதலில் மாற்றி ஆறு வாரம் பார்த்திருப்பேன். மரப்பு அதிலேயே போயிருந்தால் மெல்லிய ஜோடிக்குத் தேவையே வந்திருக்காது. இரண்டையும் சேர்த்து மாற்றியதால் அந்தக் கேள்விக்கு இந்த நிகழ்வில் விடை கிடைக்காமல் போனது.

பழைய பூட்ஸைக் கழிவுத்தொட்டிக்குப் போகவிட்டிருக்கமாட்டேன். வேலை அட்டவணையோடு பூட்ஸ் மாற்றத்தை இணைத்திருப்பேன்: புதிய பூட்ஸின் முதல் இரண்டு மாதங்களில் ஜல்லி வேலைக்கு அந்த ஆளை ஒன்பது நாள் தொடர்ந்து போட்டது அட்டவணை எழுதியவரின் குற்றமல்ல, அவரிடம் யாரும் சொல்லவில்லை. படியில் பக்கவாட்டில் இறங்குபவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனதையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன்.

பூட்ஸ் வழங்கும் படிவத்தில் முன்பு காலின் நீள அளவும் கையெழுத்தும் மட்டுமே இருந்தன. இப்போது ஒரு வெற்றுத்தாள் கூடச் சேர்ந்திருக்கிறது. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தொழிலாளி அதன்மேல் நின்று பாதத்தைப் பென்சிலால் வரைய வேண்டும். வாங்கப்போகும் பூட்ஸின் இன்சோலை அதன்மேல் வைத்துப் பார்ப்போம். சென்ற மாதம் பதினொரு பேர் வரைந்தார்கள். ஏழு தாள்களில் சுண்டுவிரல் இன்சோலுக்கு வெளியே இருந்தது.